சுகமாகிவிட்டான் என்றார் அத்தை

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சபைக் கட்டடத்துக்கும் மழைக்கும் ஆகாது. பாஸ்டர் மைக்கில் கத்துவது எங்களுக்குக் கேட்காது, நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இருந்தது. பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தபோது மழை சட்டென்று ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்து என் மாமியார் எழுந்தார்.

இரண்டு கையையும் பாயில் ஊன்றி மெல்ல எழுந்து, வெள்ளைச் சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். ஈரத் துணி வாடையும் பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் விறகுப் புகையும் உள்ளே நிறைந்திருந்தன.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் மகன் ஞானதாசுக்கு ஆண்டவர் பூரண சுகம் குடுத்துட்டார். அவன் சுகமாயிட்டான். எல்லாரும் பாத்துக்கிடுங்க, அந்தா இருக்கான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்சுவரில் சாய்ந்து, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார் என் கணவர். கண் இரண்டும் மஞ்சள் பூத்திருந்தன. கால் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தார். அத்தனை பேரும் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கினார். சபை முழுவதும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முழங்கியது.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தகரத்தைப் பிய்த்து எறிந்திருப்பேன். அவர் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் அதை அத்தையிடமும் சொல்லியிருந்தேன். தெரிந்தேதான் எழுந்தார்.

கோர்ட் சாட்சி அல்ல

வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரைப் படித்துவிட்டு சித்தூரிலிருந்து என் அண்ணன் போன வாரம் போன் செய்தார். "எல்லாஞ் செரி அம்மிணி, சாட்சி சாட்சின்னு எழுதறயே, அதென்ன கோர்ட்டுல சொல்ற சாட்சியா?" என்று கேட்டார். அவரைப் போல இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை.

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். அதுதான் சாட்சி. தேயிலைக் கொழுந்து கிள்ளும்போது பாம்பு காலைத் தாண்டிப் போனது, மகனுக்கு திருப்பூரில் வேலை கிடைத்தது, தீராத பல்வலி தீர்ந்தது, எதுவானாலும் சரி. ஒருவர் தன் ஆடு காணாமல் போனதை ஒரு வாரமும், அது கிடைத்ததை மறு வாரமும் தொடர்கதையாகச் சொன்னார். நான் இன்று தொடர் எழுதுகிறேன் என்றால் அவர்தான் எனக்கு முன்னோடி.

பிறகு ஒரு கன்வென்ஷனுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். கிடைத்த பிறகு சொல்வது நன்றி, கிடைக்கும் முன்னே சொல்வதுதான் விசுவாசம் என்று ஒரு போடு போட்டார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. பெண் பார்க்க ஒருவரும் வராத வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாகச் சாட்சி சொன்னார்கள். நடந்தால் மறு சாட்சி உண்டு. நடக்காவிட்டால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அத்தைக்கு இந்த முன்கூட்டிச் சொல்லும் சாட்சி பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் முகத்தைச் சுளிப்பார். "வெந்த பொறவுதானட்டி சோத்த வடிக்கணும்? அரிசியா கெடக்கும்போதே வடிச்சா எவ திம்பா?" என்பார். அப்படிப்பட்டவர்தான் அன்று எழுந்து நின்று என் மகன் சுகமாயிட்டான் என்றார்.

அவரோடு வந்த கடவுள்

நான் பிறந்து வளர்ந்தது மலையாள நாட்டு எல்லையில் இருக்கும் சித்தூர்ப் பக்கம். நெல்லும் தென்னையுமாக விவசாயக் குடும்பம். மாரியம்மன் சாட்டுத் திருவிழா என்றால் ஊரே மஞ்சள் நீரில் நனையும் இடம். அங்கே அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்கும்போதுதான் ஏலப்பாறையிலிருந்து வந்த ஒருவர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். தாய் கொழுந்து கிள்ளி வளர்த்த ஒற்றைப் பிள்ளை.

அவர் பேசும் தென்பாண்டித் தமிழைக் கேட்டு நாங்கள் சிரிப்போம், எங்கள் கொங்குத் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார். சிரிப்பில் தொடங்கியது கல்யாணத்தில் முடிந்தது. அதற்கு என் வீட்டில் நடந்த ரகளையை முன்பே எழுதிவிட்டேன்.

பி.ஏ. தமிழுக்கு மலையில் என்ன வேலை கிடைக்கும்? அவர் ஜீப் ஓட்டினார். காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போவார். சீசன் நேரத்தில் போடிமெட்டு வரை போய் அங்கே வந்திறங்கும் ஆட்களைக் கூட்டி வருவார். வளைவில் ஜீப்பைத் திருப்பும்போது வெண்பா சொல்லும் டிரைவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அங்கன்வாடி டீச்சரானேன்.

கல்யாணத்துக்கு முன் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தண்ணீரின் குளிர்தான் ஞாபகம் இருக்கிறது, வேறு பெரிதாக எதுவும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அவரைத்தான் கட்டிக்கொண்டேன், கடவுள் அவரோடு கூட வந்தவர். புருஷனின் சிநேகிதரை வாங்க, உட்காருங்க என்று மரியாதையாகக் கும்பிடுவோமே, அந்த அளவு பழக்கம்தான் எனக்கும் கடவுளுக்கும். நேரடிப் பேச்சு கிடையாது.

அதனால் என் கணவர் படுத்தபோது எனக்குள் ஓடிய கேள்வி எளிமையானது. இவர் போய்விட்டால், எனக்கும் அந்தக் கடவுளுக்கும் இனி என்ன பேச்சு?

கை கழுவும் இடம்

முதலில் சோர்வு என்றார். பிறகு கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தோம். வயிறு ஊதத் தொடங்கியதும் ஊர் வாயும் திறந்தது. ஜீப்காரன்தானே, குடித்திருப்பான் என்றார்கள். ஒரு சொட்டு தொடாத மனிதர் அவர். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் நின்றார்.

கடைசியில் கோட்டயத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த டாக்டர் நல்ல மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டு, மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். கல்லீரல் முழுக்கக் கெட்டுவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார்.

வராந்தாவில் கை கழுவும் இடத்தில் அத்தை டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டும் குழாயை மூடவில்லை. கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லீங்கத்தை."

"தெரிய வேண்டாம்."

கணவரின் சிநேகிதர் ஒருவர் ஜீப்பை ஓட்டிவந்தார். பின்சீட்டில் தாயின் மடியில் தலை வைத்துப் படுத்து வந்தார் என் கணவர். குட்டிக்கானம் தாண்டியதும் கோடை இறங்கி, எதிரே வந்த வண்டி தெரியவில்லை. மலைக்காரர்கள் நாங்கள் மூடுபனியைக் கோடை என்றுதான் சொல்வோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சாட்சி.

சுகமானவரைப் பார்க்க வந்தவர்கள்

சாட்சி சொன்னபின் வீட்டில் நிலைமை தலைகீழானது. அவர் நோயாளியாக இருக்க முடியாமல் போனது.

சபைக்காரர்கள் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் தெளிச்சல் வந்துவிட்டது என்றார்கள். அவர் அவர்களோடு சேர்ந்து பாடினார், மூச்சு வாங்கும் இடத்தில் சிரித்துச் சமாளித்தார். நான் பாலில்லாத கட்டன்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை வரும் காலடிச் சத்தம் கேட்டால் போதும், எப்படியாவது எழுந்து உட்கார்ந்துவிடுவார். அத்தை கொடுக்கும் கஞ்சியை முழுக்கக் குடிப்பார். அத்தை வெளியே போனதும் நான் பாத்திரத்தைப் பிடிக்க, அத்தனையையும் வாந்தி எடுப்பார். ராவெல்லாம் உடம்பு அரிக்கும், தூக்கமே கிடையாது. அதையும் தாயிடம் சொல்லமாட்டார்.

"அம்மாட்ட சொல்லிராத பிள்ள," என்பார்.

"எதுக்குங்க இப்படி? வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க."

"எப்படிச் சொல்ல? எங்கம்மா ஆண்டவருக்கு ஜாமீன் நின்னுட்டா. இனி நான் செத்தா அவருக்குல்லா அவமானம்," என்று சொல்லிச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் சிரிப்பு அடங்கியதும், "நீ மட்டும் என்கிட்ட பொய் சொல்லாத. நான் பொழைப்பனா?" என்று கேட்டார்.

பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. "தெரியலீங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "போதும். எனக்கு விசுவாசம் போயிட்டுன்னு நினைச்சிராத. இருக்கு. ஆனா பயமாவும் இருக்கு. ரெண்டும் ஒரே வீட்டுலதான் இருக்கு," என்றார்.

ஈர மண்

ஒரு காலை நேரம். பக்கத்து லயத்துப் பெண்கள் மழைக்கும் முள்ளுக்கும் இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் காப்பி கேட்டார். நான் போட்டு எடுத்துவருவதற்குள் போய்விட்டார். அத்தை தலைமாட்டில் இருந்தார். என்னைப் பார்த்து, "காப்பிய வச்சிரு மக்கா," என்று மட்டும் சொன்னார். அதுவரை அவர் என்னை மக்கா என்று கூப்பிட்டதில்லை.

அடக்கத்தன்று விடாத மழை. தேயிலைச் சரிவில் எங்கள் கல்லறைத் தோட்டம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் வாளியால் இறைத்து ஊற்றினார்கள். பாஸ்டர் ஜெபித்தார், பாடினோம். அந்தச் சாட்சியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனால் ஒருவரும் அத்தையின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. திரும்பும்போது ஒரு பெண்மணி இன்னொருவரிடம், "விசுவாசம் பத்தல போல," என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் பெயரை எழுத மாட்டேன். அவரும் இந்த வார இதழ் வாங்குகிறார்.

சித்தூரிலிருந்து வந்த அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊட்டுக்கு வந்துரு அம்மிணி. அவரே போயிட்டாரு. இனி இந்த மலையில, இந்தக் கோயில்ல உனக்கு என்ன இருக்குது?" என்றார்.

நியாயமான கேள்விதான். நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதையேதான். மகள் கிருபாவுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அத்தை ஜெபிக்கவில்லை

அத்தை அதற்குப்பின் சபைக்கு வரவில்லை. பாஸ்டர் வீடு தேடி வந்தார். அத்தை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாரே தவிர, ஜெபிக்கட்டுமா என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் நடக்கும் குடும்ப ஜெபமும் நின்றது. வேதப் புத்தகம் துணி சுற்றி அலமாரியில் கிடந்தது.

ஆண்டவர்மேல் கோபம் போல என்று நினைத்தேன். எனக்கு அது ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. கடைசியில் நானும் மாமியாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறோம்.

ஒரு சாயங்காலம் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். மூலையில் கிருபா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக அடக்கிவைத்தேனோ, அன்று என்னால் முடியவில்லை.

"ஏனுங்கத்தை, அன்னைக்கு எதுக்கு அப்படிச் சொன்னீங்க? டாக்டரு சொன்னது உங்களுக்குத் தெரியுமில்லீங்க? அவரு உங்களுக்காக உக்காந்து உக்காந்து நடிச்சாருங்க. நீங்க குடுத்த கஞ்சி ஒரு நாளும் அவரு வயித்துல நிக்கல."

அத்தையின் கத்தி நிற்கவில்லை. தோலைச் சீவிக்கொண்டே பேசினார்.

"அவன் வாந்தி எடுத்தது எனக்குத் தெரியாதாட்டி? பாத்திரம் தேய்க்கது நான்லா."

என் கையிலிருந்த கிழங்கை முறத்தில் போட்டேன்.

"ஜீப்புல வரும்போது என் கையப் பிடிச்சிட்டே வந்தான். சின்னப்பிள்ளையில இடி இடிச்சா பிடிப்பான், அந்தப் பிடி. நாம சொல்லாட்டா அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சிருக்கு. பயந்துட்டான் பிள்ளை. பெத்தவ நான் என்ன செய்ய? வீட்டுல வச்சு உனக்கு ஒண்ணுமில்லன்னா நம்புவானா? சபையில, ஆண்டவர் பேரைச் சொல்லி, எந்திரிச்சு நின்னு சொன்னா நம்புவான்னு நினைச்சேன். பயம் தெளியட்டும்னு சொன்னேன்."

கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் நம்பிச் சொல்லல. அதான் மக்கா எனக்கு ஆறல. நம்பிச் சொல்லி நடக்காமப் போயிருந்தா அவர்ட்ட சண்டையாவது போடலாம். இது பொய்ச் சாட்சி. அவர் பேரை வச்சு என் பிள்ளைய ஏமாத்திட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவர் முன்னால முழங்கால் போடுவேன்?"

தாய்க்காக மகன் நடித்திருக்கிறார், மகனுக்காகத் தாய் நடித்திருக்கிறார். நடுவில் நான் ஒருத்தி இரண்டு பேர்மேலும் கோபப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அடக்கத்தன்று வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. மரச்சீனிப் பால் பிசுபிசுத்த கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

விசாரிப்பு

அழுது முடித்ததும், "ஜெபம் பண்ணலாங்கத்தை," என்று நான்தான் சொன்னேன். எனக்கு விசுவாசம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். "நீங்களே சொல்லுங்க. எனக்கு வராது," என்றேன்.

அத்தை மீதிக் கிழங்கையும் உரித்து முடித்தார். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு முழங்காலில் நின்றார். நானும் கிருபாவும் பக்கத்தில் நின்றோம்.

என்னிடம் நெல்லைத் தமிழ் பேசும் அத்தை, ஆண்டவரிடம் பேசும்போது வேதப் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார். அன்றும் அப்படித்தான் தொடங்கினார். கிருபையாய் இரும், கண்ணோக்கிப் பாரும் என்று தடுமாறித் தடுமாறி வந்தது. வழக்கமான வரிசையில் பாஸ்டருக்காக ஜெபித்தார், லயத்துக் குடும்பங்களுக்காக ஜெபித்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்காக ஜெபித்தார். அடுத்து அவர் வாய் தானாகவே, "என் மகன் ஞானதாசுக்கு" என்றது.

அங்கேயே நின்றுவிட்டார்.

எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. போனவர் ஆண்டவரிடம் போய்விட்டார், இனி அவருக்காகக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் போதனை. என் கணவர் பிறந்த நாளிலிருந்து தினமும் அந்தத் தாயின் ஜெபத்தில் வந்த பெயர் அது. இனி அதை எடுத்துவிட வேண்டும். ஜெபம் அதோடு முடிந்தது என்று நான் எழப்போனேன்.

அப்போது அத்தை பேசினார். வேதத் தமிழ் போய்விட்டது.

"அவன் உம்மகிட்டதான இருக்கான்? சுகமா இருக்கானா? இப்ப வலிக்கலல்லா? கஞ்சி குடிச்சா வயித்துல நிக்குதா? பயப்படுதவன்யா அவன். கொஞ்சம் பக்கத்துல இருந்துக்கிடும்."

ஆமென்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

வெளியூரில் சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையை விட்டிருக்கும் தாய் இப்படித்தான் போனில் விசாரிப்பாள். நம்பாத வீட்டில் எந்தத் தாயும் பிள்ளையை விட மாட்டாள், விசாரிக்கவும் மாட்டாள். கேட்டது கிடைக்காமல், பிள்ளையையும் பறிகொடுத்து, பொய் சொல்லிவிட்டேன் என்று வெட்கப்பட்டு நின்ற அந்த மனுஷி, அந்த வீட்டு வாசலில்தான் திரும்பப் போய் நின்றார். அவருக்குப் போக வேறு வாசல் இல்லை. எனக்கும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் கணவர் இப்போது இருப்பது அந்த வீட்டில். அவரைப் பற்றி நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

கண்ணை மூடினேன். அதுவரை நான் ஆண்டவரிடம் ஒரு வார்த்தையும் நேராகப் பேசியதில்லை. எனக்கு வேதத் தமிழும் வராது. தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, அவரு இப்ப நல்லாத் தூங்கறாருங்களா?"